ஸ்குவாட்: எந்த ராடு, எந்த ரேக், எத்தனை கிலோ

ஸ்குவாட் என்பது ராடைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் பயிற்சி. “ஸ்குவாட் எவ்வளவு போடுறீங்க?” என்று ஜிம்மில் யாரைக் கேட்டாலும், “பக்கத்துக்கு இருபது” என்பார்கள், அதாவது ராடின் ஒவ்வொரு பக்கமும் 20 கிலோ பிளேட். இதை வைத்து எடை தெரியாது. ராடு 20 கிலோ என்றால் மொத்தம் 60. அதே பிளேட்டுகளை மெல்லிய ராடில் மாட்டியிருந்தால் 47, அல்லது 50. ராடு தண்டவாளத்தில் ஓடும் ஸ்மித் மெஷினாக இருந்தால் இன்னொரு கணக்கு. பத்துப் பன்னிரண்டு கிலோ ஸ்குவாட்டில் சின்ன வித்தியாசம் இல்லை. புதிதாகத் தொடங்கியவர் அதை ஏற்ற இரண்டு மூன்று வாரம் உழைக்க வேண்டும். அதனால் எத்தனை கிலோ என்று யோசிப்பதற்கு முன்னால், எதில் மாட்டுகிறோம், எங்கிருந்து எடுக்கிறோம், விழுந்தால் எது தாங்கும் என்று பார்த்துவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

ராடும் பிளேட்டும்

நம் ஊர் ஜிம்களில் பொதுவாக இரண்டு வகை ராடு இருக்கும். ஒன்று ஒலிம்பிக் ராடு. நீளம் 2.2 மீட்டர், எடை 20 கிலோ, கை பிடிக்கும் பகுதியின் தடிமன் 28 மி.மீ., பிளேட் மாட்டும் முனை 50 மி.மீ. அந்த முனை தனியாகச் சுழலும். பெண்களுக்கான போட்டி ராடு 2.01 மீட்டர், 15 கிலோ, 25 மி.மீ. இன்னொன்று, முனை வரை ஒரே தடிமனாக ஓடும் மெல்லிய ராடு. ஏறத்தாழ ஓரங்குலத் துளையுள்ள பிளேட்டுகள் இதற்கு. ஐந்தடி, ஆறடி நீளங்களில், பெரும்பாலும் ஏழு முதல் பத்து கிலோவுக்குள் இருக்கும். இவை இரண்டுக்கும் நடுவே, 50 மி.மீ. முனையோடு ஐந்தடி, ஆறடியில் வரும் ராடுகளும் உண்டு. பார்வைக்கு ஒலிம்பிக் ராடு, எடையில் இல்லை.

எது எத்தனை கிலோ என்று டிரெய்னரைக் கேட்பதைவிட நாமே நிறுத்துப் பார்ப்பது நல்லது. ஜிம்மில் உடல் எடை பார்க்கும் மெஷின் இருக்கும். ராடைப் பிடித்துக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு ராடு இல்லாமல் ஏறுங்கள், கழித்துவிடுங்கள். ஜிம்மில் உள்ள எல்லா ராடுக்கும் ஒருமுறை இதைச் செய்து நோட்டில் எழுதி வைத்தால் போதும். முனையில் கலர் டேப் ஒட்டி அடையாளம் வைக்க ஜிம் உரிமையாளர் சம்மதித்தால் எல்லாருக்கும் உதவும்.

அடுத்து, வளைவு. ராடைத் தாங்கி நிற்கும் தூண்சட்டம்தான் ரேக். அதன் கொக்கியில் வெறும் ராடை வைத்துக் கையால் உருட்டிவிட்டு முனையைப் பாருங்கள். நேரான ராடின் முனை ஒரே உயரத்தில் சுற்றும். வளைந்தது மேலும் கீழும் ஆடும். வளைந்த ராடு முதுகில் இருக்கும்போது, முனைகள் கீழே தொங்கும் பக்கமாக உருளப் பார்க்கும். இறங்குகிற நேரத்தில் தோளில் அது நகர்வதைவிடக் கெட்டது வேறில்லை. அந்த ராடைக் கையில் தூக்கும் பயிற்சிகளுக்கு விட்டுவிடலாம், ஸ்குவாட்டுக்கு வேண்டாம்.

ராடின் சொரசொரப்பையும் தடவிப் பாருங்கள். நடுப்பகுதியிலும் சொரசொரப்பு உள்ள ராடு பனியனைப் பிடித்துக்கொள்ளும், கனமான ஸ்குவாட்டுக்கு அதுதான் வசதி. இரண்டு பக்கமும் வழவழப்பாக ஒரு கோடு வளையம்போல் ஓடும். பவர்லிஃப்டிங் ராடில் இரண்டு வளையத்துக்கும் இடைவெளி 81 செ.மீ., பளுதூக்கும் ராடில் 91 செ.மீ. கையை இரண்டு பக்கமும் வளையத்திலிருந்து ஒரே தூரத்தில் வைத்தால் ராடு முதுகின் நடுவில் உட்காரும். ஒரு விரல் அளவு விலகினாலும் ஒரு பக்க இடுப்பு கூடுதலாக வேலை செய்யும். “எனக்கு வலது கால்தான் சீக்கிரம் களைக்குது” என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை காலில் இல்லை, கை வைத்த இடத்தில்.

பிளேட்டில் பார்க்க வேண்டியது, கிலோவா பவுண்டா என்பதுதான். போட்டி பிளேட்டுகளுக்கு நிறம் உண்டு: 25 சிவப்பு, 20 நீலம், 15 மஞ்சள், 10 பச்சை. நம் ஜிம்களில் பெரும்பாலும் எல்லாமே கறுப்பு ரப்பர். அதில் பவுண்டு பிளேட்டுகளும் கலந்து கிடக்கும். 45 பவுண்டு 20.4 கிலோ, 35 பவுண்டு 15.9, 25 பவுண்டு 11.3, 10 பவுண்டு 4.5. ஒரு பக்கம் 10 கிலோவும் மறுபக்கம் 25 பவுண்டும் மாட்டினால் ஒன்றேகால் கிலோ ஒரு பக்கம் சாயும். ஒரே எண் எழுதியிருந்தாலும் வேறு வேறு கம்பெனி வார்ப்பு என்றால் எடை துல்லியமாக ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிளேட்டாகப் பார்த்து மாட்டுங்கள்.

ஒரு ஜிம் ஸ்குவாட்டை மதிக்கிறதா என்று தெரிந்துகொள்ள 1.25 கிலோ பிளேட் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். அது இல்லாத இடத்தில் குறைந்தபட்ச ஏற்றம் 5 கிலோ. 40 கிலோ செய்பவருக்கு அது எட்டில் ஒரு பங்கு, ஒரே தாவலில் ஏற முடியாது. இரண்டு 1.25 பிளேட்டைச் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது ஜிம் பையில் போடும் பல பொருட்களைவிடப் பயனுள்ளது. எடை குறைவாகச் செய்யும் பெண்களுக்கு அரை கிலோ பிளேட் ஜோடி இன்னும் நல்லது.

பிளேட் நகராமல் முனையில் பிடித்துக்கொள்ளும் கிளிப்பை மாட்டாமல் ஸ்குவாட் செய்யக் கூடாது. ராடை எடுத்துப் பின்னால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பிளேட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். ஸ்பிரிங் கிளிப் தளர்ந்து கையால் தள்ளினாலே ஓடுகிறது என்றால் வேறு எடுங்கள்.

ரேக்கும் அதன் உயரமும்

நான்கு தூணும் நடுவே பாதுகாப்புக் கம்பியும் உள்ள பவர் ரேக் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். ஹாஃப் ரேக்கில் பாதுகாப்புக் கைகள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் சரிதான், பின்னால் அதிகம் நடந்துவிடாமல் இருக்க வேண்டும். இரண்டு தனித் தூண்களாக நிற்கும் ஸ்டாண்டில் தாங்கும் கம்பி இல்லையென்றால், ஆள் இல்லாமல் கனமாகச் செய்ய வேண்டாம். பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு ராடைத் தூக்கும் பயிற்சி) தூணிலிருந்து குனிந்து ராடை எடுத்து ஸ்குவாட் செய்யும் வழக்கத்தை எந்த ஜிம்மிலும் பார்க்கலாம். செய்து முடித்துக் களைத்த முதுகோடு அவ்வளவு கீழே குனிந்து திரும்ப வைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

மெல்லிய ஐந்தடி ராடுக்கு இன்னொரு சிக்கல். ஒலிம்பிக் ராடில் உள்பகுதி, அதாவது இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள நீளம், 131 செ.மீ. ரேக்குகளின் தூண் இடைவெளி இதற்கு ஏற்றபடிதான் இருக்கும். ஐந்தடி ராடில் பிளேட்டுக்கு இடம் போக மிச்சம் அந்த அளவு வராது. கொக்கியின் ஓரத்தில் அரைகுறையாகத் தொங்கும், அல்லது பிளேட் தூணில் இடிக்கும். அதனால் மெல்லிய ராடில்தான் தொடங்க வேண்டும் என்றால், அதற்கேற்ற குறுகிய ஸ்டாண்ட் வேண்டும்.

கொக்கியின் உயரம்: நேராக நின்றால் ராடு மார்பின் நடுவுக்கு வர வேண்டும். உள்ளே புகுந்து ராடைத் தோளில் வாங்கும்போது முட்டி இரண்டு மூன்று அங்குலம் மடங்கியிருக்க வேண்டும், நிமிர்ந்தால் ராடு கொக்கியை விட்டு எழும்ப வேண்டும். குதிகாலைத் தூக்கி எடுக்க வேண்டியிருந்தால் கொக்கி உயரம். எடுக்கும்போது எப்படியோ சமாளிக்கலாம், ஐந்தாவது ரெப் (ஒருமுறை இறங்கி எழுவது ஒரு ரெப்) முடிந்து திரும்ப வைக்கும்போது முடியாது. இரண்டு துளைகளுக்கு நடுவே உங்கள் உயரம் வந்தால் கீழ்த்துளையில் வையுங்கள்.

பாதுகாப்புக் கம்பியின் உயரத்தைக் கண்ணால் ஊகிக்காதீர்கள். வெறும் ராடோடு முழு ஆழத்துக்கு இறங்கி நிறுத்துங்கள். அங்கே ராடு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே கம்பி இருக்க வேண்டும். அதைவிட மேலே இருந்தால் ஒவ்வொரு ரெப்பிலும் இடிக்கும். ஒரு சாண் கீழே இருந்தால் எழ முடியாதபோது அந்த ஒரு சாணுக்கு முதுகு வளைந்துதான் ராடு கம்பியைத் தொடும். வைத்த பிறகு வெறும் ராடோடு வேண்டுமென்றே தோற்றுப் பாருங்கள்: கீழே இறங்கி, எழாமல், மெதுவாக ராடைக் கம்பியில் இறக்கிவிட்டு முன்னால் நழுவி வெளியே வாருங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்தவருக்குக் கனமான எடையில் பயம் பாதியாகக் குறையும். பயம் குறைந்தால் ஆழமும் தானாக வரும். ஆழம் வராததற்குத் தொடையைக் குறை சொல்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

ராடை எடுத்த பிறகு பின்னால் மூன்று அடி போதும்: ஒரு கால், மறுகால், பிறகு அகலத்தைச் சரிசெய்ய ஒன்று. திரும்ப வைக்கும்போது முன்னால் நடந்து ராடு இரண்டு தூணிலும் முட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் இறக்க வேண்டும். கொக்கியைக் கண்ணால் தேடிக் கழுத்தைத் திருப்புவதால்தான் ஒரு பக்கம் மாட்டி மறுபக்கம் தவறுகிறது.

ஸ்மித் மெஷினை முழுதாக ஒதுக்க வேண்டியதில்லை. தொடைக்குத் தனியாக வேலை கொடுக்கவும், தனியே பயிற்சி செய்யும்போது பயமில்லாமல் களைப்பு வரை போகவும் அது உதவும். ஆனால் அதன் ராடு தண்டவாளத்தில் ஓடுவதால் சமநிலைக்கு உங்கள் உடல் வேலை செய்வதில்லை. சிலவற்றில் எதிர் எடை கட்டியிருப்பதால் ராடின் எடையே பாதியாகத் தெரியும். ஸ்மித்தில் 80 செய்கிறவர் ரேக்குக்கு வரும்போது அந்த எண்ணைக் கொண்டுவரக் கூடாது. 40-இல் தொடங்கி ஏறிப் பார்ப்பதுதான் சரி. சாய்ந்து உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் எண்ணுக்கும் இதே கதி. 45 பாகை சாய்வில் தள்ளும்போது, மாட்டிய எடையில் சுமார் 70 சதவீதம்தான் காலுக்கு வருகிறது. உங்கள் உடம்பையும் நீங்கள் தூக்குவதில்லை. அங்கே 150 கிலோ தள்ளுவதால் இங்கே 100 கிலோ எழும் என்று கணக்குப் போட முடியாது.

எத்தனை கிலோவில் தொடங்குவது

முதலில் எடையே இல்லாமல். தண்டால், பஸ்கி எடுத்துப் பழகியவர்களுக்குக் கால் பலம் இருக்கும், ஆனால் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். பஸ்கியில் கீழே போகும்போது பெரும்பாலும் குதிகால் எழும்பும், வேகம்தான் அதன் அழகு. ராடு ஏறிய ஸ்குவாட்டில் உள்ளங்கால் முழுவதும் தரையில் இருக்க வேண்டும், இறக்கம் மெதுவாக இருக்க வேண்டும். தொடை மடியும் இடம் முட்டியின் மேற்பகுதியைவிடக் கீழே போனால் அது முழு ஆழம். அப்படி 15 முறை குதிகால் எழும்பாமல் இறங்கி எழ முடிந்தால் டம்பெலுக்குப் போகலாம்.

டம்பெலை நிமிர்த்தி, மேல்முனையை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கி, மார்பை ஒட்டிப் பிடித்து இறங்குவது காப்லெட் ஸ்குவாட். புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. எடை முன்னால் இருப்பதால் முதுகு தானாக நிமிரும், முடியாவிட்டால் டம்பெலைக் கீழே வைத்துவிடலாம். ஆண்கள் 10 கிலோவிலும் பெண்கள் 5 அல்லது 6 கிலோவிலும் தொடங்கலாம். அடியில் இரண்டு நொடி நின்று எழும்படி 10 ரெப் வீதம் 3 செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) முடிந்தால் அடுத்த டம்பெல். ஆண்களுக்கு 20, 22.5 கிலோ வந்ததும், பெண்களுக்கு 12.5, 15 வந்ததும் ராடுக்கு மாறலாம். அதற்கு மேல் இதிலேயே நீடித்தால் கால் களைப்பதற்கு முன் கையும் மேல்முதுகும் களைத்துவிடும்.

வெறும் ராடு எல்லாருக்கும் லேசு இல்லை. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 20 கிலோ ராடு உடல் எடையில் பாதிக்குப் பக்கம். 15 கிலோ ராடு இருந்தால் அது, இல்லையென்றால் மெல்லிய ராடு. அதில் 2.5 கிலோ பிளேட்டுகளாக ஏற்றி 20 வரை வந்த பிறகு பெரிய ராடைத் தொடலாம்.

ராடில் முதல் நாள் எடையைக் கண்டுபிடிக்க எளிய வழி இது. வெறும் ராடில் 8 ரெப், பிறகு 5 ரெப் வீதம் ஒவ்வொரு செட்டுக்கும் 5 கிலோ (எடை குறைந்தவர்கள் 2.5 கிலோ) ஏற்றிக்கொண்டே போங்கள். ஐந்தாவது ரெப் முதல் ரெப்பைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு மெதுவாக எழும் செட் ஒன்று வரும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், அதுதான் இன்றைய எடை. அதே எடையில் இன்னும் இரண்டு செட் செய்து முடித்துக்கொள்ளலாம். “இன்னும் பத்து ஏத்தலாம் மாஸ்டர்” என்று தோன்றும். அந்தப் பத்தை அடுத்தடுத்த நாட்களில் ஏற்றலாம்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ. 5 ரெப் வீதம் 3 செட்டும் ஆழம் குறையாமல் முடிந்தால் மட்டும் ஏற்றுவது. முடியவில்லையென்றால் அடுத்த முறையும் அதே எடை. தொடர்ந்து இரண்டு மூன்று முறை சிக்கினால் பத்து சதவீதம் இறக்கி மறுபடி ஏறுவது: 70-இல் சிக்கினால் 62.5. இப்படி ஏறும் வேகம் சில மாதங்களில் குறையும். பிறகு வாரத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றம். 1.25 பிளேட் இல்லாத ஜிம்மில் எடையை விட்டு ரெப்பை ஏற்றுங்கள்: 5, 6, 7 என்று 8 வரை போனதும் 5 கிலோ கூட்டி மறுபடி 5-இல் தொடங்கலாம்.

கொஞ்ச நாள் பழகியவர்கள், ஒரே ஒருமுறை எழக்கூடிய அதிகபட்ச எடையைத் தூக்கிப் பார்க்காமலே கணக்கிடலாம். செய்த எடையை ரெப் எண்ணிக்கையால் பெருக்கி 30-ஆல் வகுத்து, வந்ததைச் செய்த எடையோடு கூட்டினால் கிடைக்கும். 60 கிலோவில் 8 ரெப் என்றால், 60 × 8 ÷ 30 = 16, ஆக 76 கிலோ. அதில் சுமார் 85 சதவீதம் 5 ரெப்புக்கும், 80 சதவீதம் 8 ரெப்புக்கும், 75 சதவீதம் 10 ரெப்புக்கும் எல்லை. எல்லையிலேயே தினமும் வேலை செய்யக் கூடாது, ஒவ்வொரு செட் முடியும்போதும் இன்னும் இரண்டு ரெப் மிச்சம் இருக்க வேண்டும். அதனால் 5 ரெப் செட்டுக்கு 64-ஐ விட்டு 60-இல் நின்றால் சரி. பத்து ரெப்புக்கு மேல் செய்த செட்டை வைத்துப் போடும் இந்தக் கணக்கு நம்பகமில்லை, அங்கே மூச்சுதான் முதலில் தோற்கிறது.

வார்ம் அப் செட்டுகளின் எடையும் முக்கியம். 80 கிலோ வேலை எடை (அன்று முக்கிய செட்டுகளைச் செய்யும் எடை) என்றால் வெறும் ராடு 10 ரெப், 40-இல் 5, 60-இல் 3, 70-இல் 2, பிறகு 80. ரெப்பைக் குறைத்துக்கொண்டே வருவதன் காரணம், எடைக்கு உடம்பைப் பழக்க வேண்டும், களைக்க வைக்கக் கூடாது என்பதுதான். 20-இலிருந்து நேராக 60-க்குப் போகிறவர்களுக்கு முதல் வேலை செட் எப்போதும் கெட்டதாகவே இருக்கும், அது எடையின் தவறு என்று நினைத்துவிடுவார்கள். வேலை செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம் ஓய்வு எடுங்கள், ஒரு நிமிடம் போதாது.

எடை அதிகமா, வேறு ஏதாவதா

போனை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுத்தால் பாதி விடை கிடைக்கும்.

அடிக்கடி நடப்பது, எடை ஏற ஏற ஆழம் குறைவது. 60-இல் தொடை நன்றாகக் கீழே போகும், 80-இல் தரைக்கு இணையாக நிற்கும், 100-இல் கால்வாசி. எழுதி வைத்த எண் மட்டும் ஏறியிருக்கும். ஆழம் குறைந்த முதல் எடைக்கு முந்தைய எடைதான் உங்களுடைய உண்மையான எடை, அங்கிருந்து மறுபடி கட்டுங்கள்.

எழும்போது இடுப்பு முதலில் மேலே போய், மார்பு கீழேயே நின்று, முதுகால் ராடைத் தூக்குவதுபோல் தெரிந்தால், தொடை தாங்க முடியாத எடையை முதுகுக்குத் தள்ளிவிடுகிறது. பத்து சதவீதம் இறக்கி, அடியில் இரண்டு நொடி நின்று எழும் ஸ்குவாட்டைச் சில வாரம் செய்தால் பெரும்பாலும் சரியாகும். முட்டி உள்ளே சாய்வது கடைசி ரெப்பில் லேசாக வந்தால் களைப்பு, முதல் ரெப்பிலேயே வந்தால் எடை அதிகம் அல்லது கால்விரல் திசையும் முட்டி திசையும் பொருந்தவில்லை.

குதிகால் எழும்புவதற்கு மட்டும் ஒரு சோதனை செய்ய வேண்டும். வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, கட்டைவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடப் பாருங்கள். தொட முடிந்தால் கணுக்கால் நன்றாக இருக்கிறது, எடையையும் வடிவத்தையும்தான் திருத்த வேண்டும். முடியவில்லையென்றால் எடையைக் குறைத்தாலும் குதிகால் எழும். அங்கே ஷூதான் உதவும்.

காலில், இடுப்பில், முட்டியில்

ஓடுவதற்கான ஷூவில் அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். ராடு ஏறியதும் அது ஒரு பக்கமாக அமுங்கும், கணுக்கால் ஆடும். கேன்வாஸ் ஷூ மாதிரி தட்டையான, கெட்டியான அடி போதும், விலையும் குறைவு. ஜிம் அனுமதித்தால் வெறுங்காலும் நல்லதுதான், பிளேட் காலில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குதிகால் உயர்ந்த பளுதூக்கும் ஷூவில் உயரம் சுமார் 20 மி.மீ. இருக்கும், அடிப்பாகம் மரம் அல்லது கெட்டி பிளாஸ்டிக். மேலே சொன்ன சுவர்ச் சோதனையில் தோற்பவர்களுக்கும், தொடை நீளமானவர்களுக்கும், ராடை முன்தோளில் வைக்கும் ஃப்ரன்ட் ஸ்குவாட் செய்பவர்களுக்கும் அந்தப் பணம் வீணில்லை. சின்ன வயதிலிருந்து தரையில் குந்தி உட்கார்ந்து பழகியவர்கள் பலருக்கு இது தேவையே இல்லை. ஷூவுக்குப் பதில் குதிகாலுக்குக் கீழே 2.5 கிலோ பிளேட் வைப்பது காப்லெட்டுக்குச் சரி, கனமான ராடுக்கு வேண்டாம். பின்னால் நடந்து வந்து பார்க்காமல் அதன்மேல் ஏறும்போது கால் புரளும். அதற்கென்று விற்கும் சாய்வுக் கட்டை அகலமாக இருக்கும், அது பரவாயில்லை.

பெல்ட்டில் பலர் தவறானதை வாங்குகிறார்கள். முதுகில் அகலமாக, வயிற்றில் குறுகலாக, உள்ளே பஞ்சு வைத்த பெல்ட்தான் கடைகளில் அதிகம். பெல்ட் முதுகைத் தாங்குகிறது என்ற நினைப்பில் செய்த வடிவம் அது. உண்மையில் மூச்சை வயிற்றுக்குள் இழுத்துப் பெல்ட்டுக்கு எதிராகத் தள்ளும்போது உள்ளே ஏறும் அழுத்தம்தான் நடுவுடலை இறுக்குகிறது, ஆகவே முன்னால்தான் அகலம் வேண்டும். சுற்றிலும் ஒரே 10 செ.மீ. அகலம், தோல், 10 மி.மீ. தடிமன். 13 மி.மீ. போட்டிக்குப் போகிறவர்களுக்கு, குள்ளமானவர்களுக்கு அது விலா எலும்பில் குத்தும். மூச்சை விட்டிருக்கும்போது ஒரு விரல் நுழைகிற இறுக்கம் போதும். உடல் எடைக்குச் சமமான எடையை ஒழுங்காகச் செய்யும் வரை பெல்ட் தேவையில்லை. அதன் பிறகும் உங்கள் அதிகபட்ச எடையில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட செட்டுகளுக்கு மட்டும் கட்டினால் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கித் தள்ளும் இந்த முறையை டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

முட்டிக்குப் போடும் ரப்பர் ஸ்லீவ் 5, 7 மி.மீ. தடிமன்களில் வரும். முட்டியைச் சூடாக வைக்கும், அடியிலிருந்து எழும்போது கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவுதான். வலியை அது குணமாக்காது. இறுக்கிச் சுற்றும் நீளத் துணிப்பட்டை வேறு பொருள். அது பல கிலோவைத் தானே தூக்கித் தருவதால் உங்கள் எடை எது என்றே தெரியாமல் போகும். போட்டியில் அந்தப் பிரிவில் இறங்காதவர்கள் தொட வேண்டியதில்லை.

ராடில் சுற்றும் ஸ்பாஞ்ச் பேட் பற்றி எனக்குத் தயக்கமில்லாத கருத்து உண்டு: ஸ்குவாட்டுக்கு வேண்டாம். ராடை முதுகிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. உயர்த்தி வைக்கிறது, வியர்வையில் உருளுகிறது, சொரசொரப்பை மறைத்துவிடுகிறது. ராடு குத்தி வலிக்கிறது என்றால் அது கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பில் உட்கார்ந்திருக்கிறது. தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து இறுக்கினால் அந்த எலும்புக்குக் கீழே சதை திரண்டு ஒரு மேடு உண்டாகும், ராடின் இடம் அது. இது ஹை பார். இன்னும் இரண்டு மூன்று அங்குலம் கீழே, பின்தோளில் வைப்பது லோ பார். உடல் அதிகம் முன்னால் சாயும், இடுப்பு அதிகம் வேலை செய்யும், பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் எடை எழும். தோள் இறுகியவர்களுக்கு லோ பாரில் முழங்கை வலிக்கும், அவர்கள் கையை அகட்டிப் பிடிக்கலாம் அல்லது ஹை பாரிலேயே இருக்கலாம்.

ஃப்ரன்ட் ஸ்குவாட்டுக்கு, ராடை முதுகில் வைக்கும் பின்ஸ்குவாட்டில் சுமார் 80 சதவீதம் எடை வரும், தொடங்கும்போது பாதியிலிருந்து ஏறினால் மணிக்கட்டு பழகும். பளுதூக்குதலில் இதுதான் அடித்தளம். வேலூரிலிருந்து போய் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம், கோல்ட் கோஸ்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தரையிலிருந்து தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) தூக்கிய 173 கிலோவை முதலில் முன்தோளில் வாங்கிக் கொண்டுதான் எழுந்து நின்றாக வேண்டும்.

கடலோர ஊர்களில் இரண்டு விஷயம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வழுக்கும் பாலியெஸ்டர் பனியன் வியர்வையில் ராடை நழுவவிடும், பருத்திப் பனியன் பிடித்துக்கொள்ளும். சொரசொரப்புக்குள் வியர்வையும் தோலும் சேர்ந்தால் துரு ஏறும், செட் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போனால் ராடு பல வருஷம் உழைக்கும். நிற்கும் இடமும் கெட்டி ரப்பராக இருக்க வேண்டும், யோகா பாய் போன்ற மெத்தைத் தரையில் கால் புதையும்.

பின்னால் நிற்க ஆள் கிடைத்தால், அவர் ராடைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உங்கள் அக்குளுக்குக் கீழே கையைச் செலுத்தி மார்போடு சேர்த்து எழுப்ப வேண்டும், உங்களோடு சேர்ந்து இறங்கி எழ வேண்டும். கனம் அதிகமானால் ஒருவர் போதாது, ராடின் இரண்டு முனைக்கும் ஆளுக்கு ஒருவர் வேண்டும், இருவரும் ஒரே நேரத்தில் கை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் முதுகு திருகிக்கொள்ளும். யாருடைய உதவிக்கும் முன்னால் ரேக் கம்பியை நம்புங்கள், அது போன் பார்க்காது.

பிளேட்டைக் கழற்றும்போது ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். ரேக்கில் இருக்கும் ராடு கனமான பக்கம் கவிழ்ந்து, லேசான முனை மேலே எகிறும். அது முகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் எப்போதும் 20 கிலோவைத் தாண்ட வேண்டாம். மாட்டும்போதும் இதே முறைதான்.